குறைந்த விலையில் வீட்டு டிரெட்மில்: எதை அளந்து வாங்குவது?

வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. இதற்கு விறுவிறுப்பான நடையைவிட எளிய வழி இல்லை என்றாலும், நடைபாதை இல்லாத தெருக்களும், விடியற்காலையில் கூட்டமாகத் திரியும் நாய்களும், சித்திரை வைகாசி வெயிலும், ஐப்பசி கார்த்திகை அடைமழையும் சேர்ந்து தமிழ்நாட்டு நகரங்களில் அந்த வழியை ஆண்டில் பல மாதங்களுக்கு அடைத்துவிடுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் முடிவுகள் வெளியான ஆய்வு, இந்நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. உணவுக்குப் பின் கால்மணி நேரம் நடந்தாலே இரத்தச் சர்க்கரையின் திடீர் ஏற்றம் தணிகிறது என்பதால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவில் இறங்கத் தயங்கும் முதியவர்களுக்கும் பெண்களுக்கும் வீட்டுக்குள்ளேயே நடக்க உதவும் டிரெட்மில் உண்மையான பயனுடைய பொருளாகிறது.

இந்தியச் சந்தையில் நடுத்தரக் குடும்பங்கள் எண்ணிப்பார்க்கும் டிரெட்மில்கள் பெரும்பாலும் ஏறத்தாழ 15,000 ரூபாய் முதல் 40,000 ரூபாய் வரையிலான விலையில் உள்ளன. இந்த விலைக்குள் நல்ல கருவியும் கிடைக்கும், ஆறே மாதத்தில் ஓய்ந்துபோகும் கருவியும் கிடைக்கும். மணிக்கு 14 கிலோமீட்டர் வேகம், ஒலிபெருக்கி, செல்பேசிச் செயலி, வண்ணத்திரை என்று விளம்பரம் எவற்றை முன்னிறுத்துகிறதோ அவற்றுக்கும் கருவியின் ஆயுளுக்கும் தொடர்பு மிகக் குறைவு. வாங்குவோரின் கவனம் செல்ல வேண்டிய இடங்கள் வேறு.

நடப்பதற்கா, ஓடுவதற்கா?

வீட்டில் டிரெட்மில் வாங்குவோரில் பெரும்பாலோர் அதில் நடக்கவே போகிறார்கள், அவர்களுடைய வேகம் மணிக்கு 4 முதல் 6 கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். இதை வாங்குமுன்னரே ஒப்புக்கொண்டால் செலவு குறையும். ஏனெனில், ஓடுபவரின் கால் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இருமடங்குக்கும் மேலான விசையோடு தரையில் இறங்குவதால், ஓட்டத்துக்கு உரிய கருவிக்குக் கனமான சட்டமும், அகன்ற பெல்ட்டும், பெரிய மோட்டாரும் தேவைப்படுகின்றன. நடைக்கு அவ்வளவு வேண்டியதில்லை. ஓட்டத்துக்கென விற்கப்படும் மலிவான கருவியைவிட, நடைக்கென்றே திருத்தமாகச் செய்யப்பட்ட மலிவான கருவி நெடுநாள் உழைக்கும்.

மலிவு என்பதற்காகவே மோட்டார் இல்லாத, காலால் உந்தி உருட்டும் கருவியை வாங்குவதும், மேசைக்கடியில் வைத்து நடக்கும் கைப்பிடியற்ற தட்டையான கருவியை வாங்குவதும் முதியவர் உள்ள வீட்டுக்குப் பொருந்தா. முன்னதில் சாய்வான பலகையின் மேல் பெல்ட்டைத் தள்ளித் தள்ளி நடக்க வேண்டியிருப்பதால் முழங்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் சுமை கூடுகிறது. பின்னதில் தலைசுற்றினால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

குதிரைத்திறன்: அட்டையில் உள்ளதும் உண்மையில் கிடைப்பதும்

மோட்டாரின் ஆற்றலைக் குதிரைத்திறன் என்னும் அலகால் குறிப்பது வழக்கம். ஒரு குதிரைத்திறன் 746 வாட்டுக்குச் சமம். விற்பனை அட்டையில் இரண்டு வகையான எண்கள் இடம்பெறுகின்றன. ஒன்று உச்சத்திறன், அதாவது மோட்டார் சில நொடிகள் மட்டுமே எட்டக்கூடிய மேல் எல்லை. மற்றொன்று தொடர்திறன், அதாவது சூடேறிப் பழுதாகாமல் மணிக்கணக்கில் தரக்கூடிய அளவு. பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது பெரும்பாலும் முதலாவதுதான், வாங்குவோர் கேட்டறிய வேண்டியதோ இரண்டாவது. பொதுவாக நடைக்கு ஒன்றரை முதல் இரண்டு வரையிலான தொடர்திறனும், மெதுவோட்டத்துக்கு இரண்டரையும், நாள்தோறும் ஓடுவோருக்கு மூன்றும் தேவை.

அட்டை சொல்வதை நம்புவதா என்று ஐயம் எழுந்தால், அதைத் தீர்க்க ஒரு கணக்கு உண்டு. இந்திய வீடுகளின் மின்னழுத்தம் 230 வோல்ட். சிறிய முனைகள் கொண்ட 6 ஆம்பியர் பிளக்கின் வழியாக அதிகபட்சம் 230ஐ 6ஆல் பெருக்கிக் கிடைக்கும் 1,380 வாட்தான் பாதுகாப்பாகப் பாய முடியும், அது இரண்டு குதிரைத்திறனுக்கும் குறைவு. ஆகவே 4 குதிரைத்திறன் என்று விளம்பரப்படுத்தப்படும் கருவியின் மின்கம்பி நுனியில் 6 ஆம்பியர் பிளக் இருந்தால், அந்த 4 என்பது தொடர்திறனாக இருக்க வழியே இல்லை. மோட்டார் மூடியிலோ சட்டத்தின் அடியிலோ ஒட்டப்பட்டிருக்கும் சிறு தகட்டில் வோல்ட், ஆம்பியர், வாட் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். விற்பனையாளரின் சொல்லைவிட அந்தத் தகடு நம்பத்தக்கது.

மோட்டாரைப் பற்றிப் பலரும் அறியாத மற்றொன்று, அதற்குக் கடுமையான சோதனை அதிவேகம் அன்று, மிகக் குறைந்த வேகமே என்பதாகும். மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் 90 கிலோ எடையுள்ளவர் குதிகாலை ஊன்றும்போது பெல்ட் பலகையோடு அழுந்தி உராய்வு கூடுகிறது. மோட்டார் மெதுவாகச் சுழல்வதால் அதனோடு பொருத்தப்பட்ட விசிறியும் மெதுவாகவே சுழன்று சூட்டைத் தணிக்க இயலாமல் போகிறது. வலுவற்ற மோட்டாராக இருந்தால், குதிகால் இறங்கும் ஒவ்வொரு முறையும் பெல்ட் கணப்பொழுது தயங்கி, பின் வெடுக்கென்று நகர்வதைப் பாதத்தால் உணரலாம். வீட்டிலேயே எடை கூடியவர் யாரோ அவரைக் கடைக்கு அழைத்துச் சென்று, இந்த மெதுவேகத்தில் ஐந்து நிமிடம் நடக்கவைத்துப் பார்ப்பதே சரியான சோதனை. அட்டையில் குறித்துள்ள அதிகபட்ச எடை, அவருடைய எடையைவிட 15 அல்லது 20 கிலோவாவது கூடுதலாக இருக்க வேண்டும்.

பெல்ட்டின் நீள அகலம்

மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 110 அடி வைத்து நடப்பவரின் ஓரடியின் நீளம் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர். அதே மனிதர் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 165 அடி வைத்து ஓடினால் அது ஒரு மீட்டராக நீள்கிறது. நடைக்கு 110 முதல் 120 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் போதுமானவையாக இருக்க, ஓட்டத்துக்கு 130 சென்டிமீட்டருக்கு மேல் நீளமும் 45 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமும் வேண்டப்படுவதன் காரணம் இதுதான். அகலம் குறைந்தால் கால் விளிம்பில் இடறும் என்ற அச்சத்தில் மனிதர் தம் இயல்பான நடையை ஒடுக்கிக்கொள்கிறார், அந்த ஒடுக்கம் நாளடைவில் இடுப்பு வலியாக வந்து சேரலாம். டேப்பை எடுத்துச் சென்று கால் படும் பகுதியை மட்டும் அளப்பது நல்லது, பக்கத்துப் பிளாஸ்டிக் பட்டைகளையும் சேர்த்துச் சொல்லப்படும் அகலத்தால் பயனில்லை.

ஏற்றம்: வேகத்தைவிட மலிவான உழைப்பு

இந்தக் கட்டுரை வாசகரிடம் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுவே: வேகத்துக்கு விலை கொடுப்பதைவிட ஏற்றத்துக்கு விலை கொடுப்பது அறிவுடைமை. ஏற்றம் என்பது பெல்ட் கிடக்கும் பலகையின் முன்புறத்தை உயர்த்தி மேட்டில் நடப்பது போன்ற நிலையை உண்டாக்குவது. அதை விழுக்காட்டால் குறிப்பர், 100 சென்டிமீட்டர் தொலைவுக்கு 5 சென்டிமீட்டர் உயர்ந்தால் அது 5 விழுக்காடு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கழகம் நடைக்கு வகுத்துள்ள சூத்திரப்படி, மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் நடப்பவர் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 மில்லிலிட்டர் உயிர்வளியைச் செலவிடுகிறார். வேகத்தை மாற்றாமல் 5 விழுக்காடு ஏற்றம் மட்டும் சேர்த்தால் அது 19 மில்லிலிட்டராக உயர்கிறது. ஓடாமலே, மூட்டில் அதிர்வு கூடாமலே, உழைப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் பெருகுகிறது.

இதய மருத்துவமும் இதே வழியைத்தான் கையாள்கிறது. மருத்துவமனைகளில் டி.எம்.டி. என்று வழங்கும் டிரெட்மில் பரிசோதனைக்கு அமெரிக்க இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் 1963இல் வெளியிட்ட முறையே உலகெங்கும் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. அதில் முதல் மூன்று நிமிடங்களுக்கு வேகம் மணிக்கு 2.7 கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்றம் 10 விழுக்காடு. ஒன்பதாவது நிமிடம் முடிகையில்கூட வேகம் 5.5 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை, ஏற்றம் 14 விழுக்காட்டை எட்டியிருக்கும். நடை வேகத்துக்குள்ளேயே இதயத்தின் திறனை அளக்கப் போதுமான உழைப்பை ஏற்றம் தந்துவிடுகிறது.

மலிவான கருவிகளில் பொத்தானை அழுத்தி ஏற்றத்தை மாற்றும் தனி மோட்டார் இருப்பதில்லை. பின்பக்கக் கால்களை ஊசி நகர்த்தி மூன்று படிகளில் அமைக்கும் கையியக்க முறையே இருக்கும், நாள்தோறும் நடப்பவருக்கு அதுவே போதும். ஏற்றத்தில் நடக்கும்போது கைப்பிடியில் தொங்கிக்கொண்டு நடந்தால் உடலின் சுமையைக் கை வாங்கிக்கொள்வதால் மேற்கூறிய பயன் கிடைப்பதில்லை. அப்போதும் திரை முழு உழைப்புக்கு உரிய கலோரிக் கணக்கையே காட்டும். முழங்கால் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் சில வாரங்கள் சமதளத்தில் பழகி, வலி கூடவில்லை என்று கண்ட பிறகே ஏற்றத்துக்குச் செல்வது நல்லது.

மின்னிணைப்பு

குளிர்சாதனக் கருவிக்கு இருப்பதைப் போன்ற 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டும் முறையான எர்த் இணைப்பும் டிரெட்மில்லுக்குத் தேவை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக ஓட்டினால் கம்பி சூடேறும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் பகுதிகளில் கருவியின் கட்டுப்பாட்டு மின்பலகை முதலில் பழுதாவதும், அதை மாற்றும் செலவு கருவியின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடுவதும் உண்டு என்பதால், தகுந்த ஸ்டெபிலைசரின் விலையையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். நடை வேகத்தில் நாளுக்கு அரைமணி நேரம் இயங்கினால் இரு மாத மின்கணக்கீட்டில் ஏறத்தாழ 15 முதல் 30 யூனிட் வரை கூடலாம்.

குழந்தைகள் உள்ள வீடு

2021 மே மாதத்தில் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,25,000 டிரெட்மில்கள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றின் பின்முனைக்கும் தரைக்கும் இடையிலான இடைவெளிக்குள் குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் இழுக்கப்பட்டதும், ஆறு வயதுக் குழந்தை ஒன்று உயிரிழந்ததும் அதற்குக் காரணங்கள். அவை பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள உயர்ரகக் கருவிகள், எனவே விலை உயர்ந்ததெல்லாம் பாதுகாப்பானது என்று கொள்ள முடியாது. ஓடும் பெல்ட்டில் சிறுவிரல் பட்டால் ஒரு நொடியில் தோல் உரிந்து ஆழமான உராய்வுத் தீப்புண் ஏற்படும்.

மோட்டார் உள்ள பெரும்பாலான டிரெட்மில்களில் கயிற்றின் நுனியில் கிளிப் கொண்ட பாதுகாப்புச் சாவி ஒன்று இருக்கும். நடப்பவர் சறுக்கினால் சாவி கழன்று பெல்ட் நிற்கும்படி அமைந்த இதனைச் சட்டையில் மாட்டாமல் நடக்கக் கூடாது. நடந்து முடித்ததும் சாவியைக் கழற்றிக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்து, சுவரில் சுவிட்சையும் அணைத்துவிட வேண்டும். கருவியின் பின்னால் இரண்டு மீட்டரும் பக்கங்களில் அரை மீட்டரும் வெற்றிடமாக விடுவது விழுந்தவர் சுவருக்கும் பெல்ட்டுக்கும் இடையே சிக்காமல் காக்கும். சிறிய அடுக்ககங்களில் இது கடினம்தான், என்றாலும் முதுகுப்புறம் சுவர் வருமாறு கருவியைப் போடுவதைவிட வாங்காமல் இருப்பதே மேல்.

மருத்துவரைக் கேட்ட பின்பே ஏற வேண்டியவர்கள்

மார்பு வலி, நடக்கையில் வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு, மயக்கம் ஆகியவை எப்போதேனும் வந்தவர்களும், இதய நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களும் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். இன்சுலின் ஊசியோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நடையின்போது சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும், கை நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் அதன் அறிகுறிகள் என்பதால் குளுக்கோஸ் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். நீரிழிவால் பாத உணர்ச்சி மங்கியவர்கள் வீட்டுக்குள்தானே என்று வெறுங்காலோடு பெல்ட்டில் ஏறினால், கொப்புளம் எழுந்ததே தெரியாமல் அது புண்ணாகிவிடலாம். ஷூவும் பருத்திக் காலுறையும் அணிந்து நடந்து, முடித்ததும் பாதத்தைப் பார்ப்பதை அவர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

வேகமாக நடந்துகொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்தினால் இரத்தம் கால்களிலேயே தேங்கித் தலைசுற்றல் வருவதால், கடைசி ஐந்து நிமிடங்களில் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எவ்வளவு வேகம் மிதமானது என்பதற்குத் திரை வேண்டியதில்லை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்னும் அளவே மிதமான உழைப்பு.

பழைய கருவியும் பராமரிப்பும்

ஓரிரு மாதங்கள் ஓடி மூலையில் ஒதுங்கிய தரமான கருவிகள் பாதி விலைக்கும் குறைவாக விற்பனைக்கு வருகின்றன, வரவுசெலவு இறுக்கமானவர்கள் புதிய மலிவுக் கருவிக்கு முன் இவற்றைப் பார்ப்பது நல்லது. பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கிப் பலகையில் தேய்ந்த தடம் உள்ளதா என்று நோக்குவதும், இருபது நிமிடம் ஓட்டிய பின் கருகல் வாடை வருகிறதா என்று கவனிப்பதும், அந்நிறுவனத்தின் சர்வீஸ் ஆட்கள் அவ்வூருக்கு வருவார்களா என்று விசாரிப்பதும் இன்றியமையாதவை. கடைசியில் சொன்னது புதிய கருவிக்கும் பொருந்தும், பழுது பார்க்க ஆள் வராத ஊரில் உத்தரவாத அட்டையால் பயனில்லை.

பெல்ட்டுக்கும் பலகைக்கும் இடையே எண்ணெய் வறண்டுபோவதுதான் வீட்டுக் கருவிகளின் ஆயுளைக் குறைக்கும் முதற்காரணம். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு, பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டுப் பலகையின் நடுப்பகுதியைத் தடவினால் விரலில் மெல்லிய வழவழப்பு ஒட்ட வேண்டும். வறண்டிருந்தால், உற்பத்தியாளர் குறிப்பிடும் அளவில் சிலிக்கான் எண்ணெயை இருபுறமும் இட்டு, மெதுவேகத்தில் சில நிமிடம் நடந்து பரவவிட வேண்டும். தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் பெல்ட்டைக் கெடுத்துவிடும். பெல்ட் இடப்பக்கம் ஒதுங்கினால் பின்முனையில் உள்ள இடப்பக்கத் திருகை, கருவியோடு வந்த சாவியால் வலஞ்சுழியாகக் கால் சுற்று மட்டும் திருப்பி, ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு, பெல்ட் நடுவுக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டே அடுத்த கால் சுற்றுக்குச் செல்ல வேண்டும்.