தகரப்பெட்டியில் கிடந்த வெங்கிணாந்தி

2014ஆம் ஆண்டு, மாரி மழை பொய்த்து வன்னியின் குளங்கள் பல வற்றிக்கிடந்த காலம். சித்திரை மாதத்தில் ஒரு நாள் காலை, மீள்குடியேறிய கிராமம் ஒன்றிலிருந்து ஒரு மூதாட்டியும் அவரது பன்னிரண்டு வயதுப் பேரனும் எமது பணியகத்துக்கு வந்தனர். சிறுவனின் கையில் பெரிய பிஸ்கற் தகரம் ஒன்று இருந்தது. அதன் மூடியில் ஆணியால் நாலைந்து துளைகள் இடப்பட்டிருந்தன.

"பேரன் ஆசைக்கு வளர்த்தவன் சுவாமி. இப்ப அது சாகப்போகுது. இவனும் ரெண்டு நாளாச் சாப்பிடுறான் இல்லை" என்றார் மூதாட்டி.

மூடியைத் திறந்தோம். உள்ளே மூன்று அடி நீளமான வெங்கிணாந்திக் குட்டி ஒன்று சுருண்டு கிடந்தது. நூல்களில் மலைப்பாம்பு என்று எழுதப்படுவது இதுவே. நஞ்சில்லாத இனம். இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று முழுதாக விழுங்கும்.

மாசி மாதத்து அரிவு வெட்டின்போது வயல் வரம்பில் அகப்பட்டதாம். புடையன் என்று எண்ணிப் பலர் தடியெடுக்க, வயதான ஒருவர் பார்த்து வெங்கிணாந்தி என்று சொல்லித் தடுத்திருக்கிறார். பிறர் விலகிப்போக, சிறுவன் அதைச் சாக்கில் இட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். அதற்கு 'ராசா' என்று பெயரும் வைத்தான். தேநீரில் தோய்த்த பாணும் சோறும் பாலும் கொடுத்துப் பார்த்தான். ராசா எதையும் தொடவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கியபின் பெட்டி தகரக் கொட்டிலின் ஓரத்தில் கிடந்தது. நாளுக்கு ஒரு முறை மூடியைத் திறந்து பார்ப்பதே பராமரிப்பு என்றாகிவிட்டது.

அச்சிறுவனை நாம் கடிந்துகொள்ளவில்லை. அவனிடம் அன்பு இருந்தது. பாம்புக்கு என்ன தேவை என்ற அறிவுதான் இருக்கவில்லை.

பசியிலும் கொடியது தாகம்

வெங்கிணாந்தி எமது நாட்டில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம். 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் இதற்குப் பொருந்தும். எனவே அன்றே வனசீவராசிகள் உத்தியோகத்தருக்கு அறிவித்தோம். மிருக வைத்தியர் ஒருவரையும் அழைத்தோம். உத்தியோகத்தர் வந்து பார்த்தார். இந்த நிலையில் காட்டில் விட்டால் பிழைக்காது. தேறும்வரை வைத்தியரின் சொற்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

முதுகெலும்பு கத்தியின் முதுகைப்போல் எழுந்து நின்றது. பக்கத்துத் தோல் மடிந்து சுருங்கியிருந்தது. கழற்ற முடியாத பழைய தோல் உடலெங்கும் துண்டுதுண்டாக ஒட்டிக்கிடந்தது. கண்களின் மேலும் அது படிந்திருந்தமையால் பார்வை மங்கியிருந்தது. செதில்களுக்கிடையில் உண்ணிகள் பதினான்கை எண்ணினோம். வாயின் உட்புறம் சிவந்து கோழை கட்டியிருந்தது. கடைத் தராசில் நிறுத்தபோது 410 கிராம்.

உடனே ஒரு எலியைப் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்றே நாம் நினைத்தோம். வைத்தியர் தடுத்தார். "இதைக் கொல்ல வேண்டுமென்றால் இன்றைக்கே சாப்பாடு கொடுங்கள்" என்றார்.

மலைப்பாம்பு மாதக்கணக்கில் உண்ணாதிருக்கவல்லது. அக்காலத்தில் அதன் குடல் சுருங்கிவிடும். இரை கிடைத்ததும் இரண்டு மூன்று நாட்களில் குடல் மீண்டும் பெருக்கும். அதற்கு உடலில் நீரும் சூடும் வலுவும் இருக்கவேண்டும். இவை இல்லாதபோது இரை வயிற்றினுள்ளேயே அழுகும், அல்லது கக்கப்படும். மெலிந்த உடல் அந்த அதிர்ச்சியைத் தாங்காது. பல நாள் பட்டினி கிடந்த மனிதருக்கு எமது தாய்மார் முதலில் கஞ்சித் தண்ணீர் கொடுப்பதும் இந்த அறிவினால்தான்.

பாலைப் பற்றியும் ஒரு சொல். பாம்பின் உணவு பால் அன்று. தாகத்தால் தவிக்கும் பாம்பு எதிரே வைத்த திரவத்தைக் குடிக்கக்கூடும். ஆயினும் அதனால் பாலைச் செமிக்க இயலாது.

தண்ணீர், நிழல், அமைதி

பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. முட்டைகளைச் சுற்றிக்கிடக்கும் தாய் வெங்கிணாந்தி மட்டும் தசைகளை நடுக்கி ஓரளவு சூடு உண்டாக்கும். மற்றப்படி வெயிலையும் நிழலையும் மாறிமாறி நாடியே அது வாழ்கிறது. இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் பாம்பை வீட்டில் வளர்ப்போர், குளிருக்காகப் பெட்டியின் ஒரு பக்கத்தை மின்சாரத்தால் சூடாக்குவார்கள். எமது சித்திரை வெயிலில் நிலைமை நேர்மாறானது. தகரத்தின் கீழ் தகரப்பெட்டி. உள்ளே விலகிச்செல்ல ஓர் அங்குல நிழலும் இல்லை. ராசா மெல்லமெல்லக் காய்ந்துகொண்டிருந்தது.

எனவே கிடுகு வேய்ந்த மண்சுவர் அறையில் ஒரு பழைய பலகைப் பெட்டியை வைத்தோம். மேலே நெருக்கமான கம்பிவலை அடித்தோம். ஒரு முனை காலை வெயில்படும் சுவரோடும், மறுமுனை நிழலிலும் இருந்தது. நிழற்பக்கத்தில் வாய் உடைந்த மண்பானை ஒன்றைச் சரித்து, உள்ளே ஈரச்சாக்கு விரித்தோம். தரைக்குப் பழைய பத்திரிகைத் தாள். அழுக்கானால் உடனே மாற்றலாம். உண்ணி இருந்தாலும் தெரியும். பாம்பின் உடல் முழுதும் நனையக்கூடிய ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தோம்.

நாள்தோறும் கால் மணி நேரம், உடல் பாதி மறையும் அளவு இளஞ்சூட்டுத் தண்ணீரில் விட்டோம். தலை அமிழாதவாறு ஒருவர் அருகில் இருந்தார். முதல் நாள் நீரில் விட்டதும் அது நெடுநேரம் குடித்தது. தொண்டை அசைவதை அச்சிறுவன் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அக்காலத்தில் தண்ணீர் பவுசரை எதிர்பார்த்து மக்கள் வாளிகளோடு காத்திருந்தனர். "மனிசருக்கே தண்ணி இல்லை, பாம்புக்குக் குளிப்பாட்டோ பாதர்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. நாளுக்கு அரை வாளிதான் எடுத்தோம். அதையும் வீசவில்லை, தென்னம்பிள்ளைக்கு ஊற்றினோம். மரக்கறிப் பாத்திக்கு விடவில்லை. ஊர்வனவற்றின் கழிவில் வயிற்றோட்டக் கிருமி இருக்கக்கூடும். அதனால் பாம்பைத் தொட்டவர்கள் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும் என்பதும் கட்டாய விதியாக இருந்தது.

உண்ணிகளை வைத்தியர் சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்தார். வாய்ப்புண்ணைக் கழுவ ஐதாக்கிய மருந்து தந்தார். ஒட்டிய தோலை நாம் இழுக்கவில்லை. நனைந்து ஊறியபின் அது ஈரச்சாக்கில் உராய்ந்து தானே கழன்றது. கண்மேல் இருந்த தோலைத் தொடவே கூடாது என்பது வைத்தியரின் கண்டிப்பான சொல். அவசரப்பட்டு உரித்தால் கண்ணே போய்விடும்.

இவற்றுக்கு வெளியே செய்தது ஒன்றுதான்: தொந்தரவு செய்யாமல் விட்டோம். பாம்புக்கு வெளிக்காது இல்லை. ஆனால் தரையின் அதிர்வை அது நன்கு உணரும். வேடிக்கை பார்க்க வந்தவர்களின் காலடியே அதற்குப் பெரும் தொல்லை. கதவைச் சாத்தி, சாவியை அச்சிறுவனிடம் கொடுத்தோம். கையில் தூக்கி வைத்திருப்பதே அன்பு என்று எண்ணியிருந்தவனுக்கு, கதவைத் திறக்காமலிருப்பது முதலில் கடினமாக இருந்தது.

முதல் இரை

ஒன்பதாம் நாள், தோல் மடிப்புகள் நிமிர்ந்தபின், ஒரு சுண்டெலியைக் கொடுத்தோம். நெல் வைத்திருந்த அறையில் பொறிவைத்துப் பிடித்தது. நஞ்சுவைத்துக் கொன்ற எலியை ஒருபோதும் கொடுக்கக்கூடாது. அந்த நஞ்சு பாம்பையும் கொல்லும். உயிருள்ள எலியும் வேண்டாம். மெலிந்த பாம்பை எலியே கடித்துவிடும். செத்த எலியை நீண்ட இடுக்கியால் பிடித்து, மாலை இருளும் நேரத்தில் பானைவாயருகே மெல்ல அசைத்தோம். வெங்கிணாந்தியின் உதட்டில் சூட்டை உணரும் குழிகள் உண்டு. அதனால் எலியைச் சற்று வெயிலில் வைத்துச் சூடேற்றியிருந்தோம்.

அன்று அது தொடவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் மாலை, ஒரே பாய்ச்சலில் கவ்விச் சுற்றிக்கொண்டது. கதவிடுக்கால் பார்த்த சிறுவன் ஓடிப்போய் முதலில் சொன்னது அம்மம்மாவிடம். அன்றிரவு இருவரும் வயிறாரச் சாப்பிட்டார்களாம்.

இரை உண்டபின் இரண்டு நாட்கள் எவரும் அதைத் தொடவில்லை. பின்னர் வாரத்துக்கு ஒரு எலி. உடலின் நடுப்பருமனுக்கு மேற்படாத அளவு. ஏழாவது வாரம் மீண்டும் தோல் கழன்றது. இம்முறை ஒரே உறையாக, கண்மூடிகளோடு சேர்ந்து வந்தது. நிறுத்தபோது 540 கிராம்.

விடைகொடுத்தல்

ஆனி மாத இறுதியில், உத்தியோகத்தரின் முன்னிலையில், பிடிபட்ட வயலுக்கு அண்மையில் இன்னும் நீர் வற்றாதிருந்த குளத்தின் பற்றைக்காட்டில் அதை விட்டோம். "நாங்கள் வளர்த்தது அதுக்கு நினைவிருக்குமோ பாதர்?" என்று சிறுவன் கேட்டான். "இராது மகன். உனக்கு நினைவிருக்கும்" என்றோம். அவன் அழுதான். நாம் தடுக்கவில்லை.

இக்கதையை வாசிக்கும் பிள்ளைகள் எவரும் பாம்பைப் பிடித்து வளர்க்க முற்படக்கூடாது. வெங்கிணாந்திக் குட்டியும் கண்ணாடிப் புடையனும் பார்வைக்குப் பெரிதும் ஒத்தவை. பழகியவர்களும் ஏமாந்ததுண்டு. அன்று வரம்பில் கிடந்தது புடையனாக இருந்திருந்தால், அந்த மூதாட்டி இழந்திருக்கக்கூடியது தன் பேரனை. பாம்பைக் கண்டால் விலகி நின்று, வனசீவராசிகள் அலுவலகத்துக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். கடித்துவிட்டால் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அதேவேளை, கண்ட பாம்பையெல்லாம் அடித்துக் கொல்வதால் மிஞ்சுவது எலிகளே. எலி நெல்லைத் தின்பதோடு நிற்பதில்லை. 2008ஆம் ஆண்டில் எமது நாட்டில் 7,000க்கும் மேற்பட்டோரை எலிக்காய்ச்சல் பீடித்ததாகப் பதிவாகியது. அவர்களில் பலர் சேற்றில் இறங்கி உழைத்த விவசாயிகள்.

அடுத்த காலபோக அறுவடையின்போது அதே கிராமத்துக்குச் சென்றிருந்தோம். சூட்டருகே நீண்ட சாரைப்பாம்பு ஒன்று ஓட, இருவர் மண்வெட்டியோடு துரத்தினர். அச்சிறுவன் வரம்பில் நின்று, "விடுங்கோ அண்ணை, அது எலி பிடிக்கப் போகுது" என்று கத்தினான். அவர்கள் நின்றார்கள், பாம்பு பற்றைக்குள் மறைந்தது.

அவன் அதைப் பிடிக்கப் போகவில்லை. அது மறையும்வரை தள்ளிநின்று பார்த்துக்கொண்டிருந்தான்.