தேயிலைச் செடியின் செக்ரோல்

இலங்கையில் மழைக்குப் பேர்போன இரத்தினபுரியிலும் பெப்ரவரி, மார்ச் வெயிலில் தேயிலை வாடும். எல்லாச் செடியும் ஒன்றுபோல வாடுவதில்லை. தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தந்த வீபி வகைகளில் டிஆர்ஐ 2025 வறட்சியைத் தாங்கி நிற்கும். டிஆர்ஐ 2023 சீக்கிரமே துவண்டுவிடும். வீபி என்றால் ஒரு தாய்ச்செடியின் தண்டுத் துண்டுகளிலிருந்து வளர்த்தது. ஆகவே ஒரு மலை முழுக்க 2025 நட்டிருந்தால், அத்தனை செடிக்கும் மரபணுத் தொகுதி ஒன்றே. வேருக்கும் அதுதான், கொழுந்துக்கும் அதுதான்.

அப்படியானால் வேர் ஏன் வேராக இருக்கிறது, கொழுந்து ஏன் கொழுந்தாக இருக்கிறது?

அசாம் வகைத் தேயிலையின் மரபணுத் தொகுதியைச் சீன ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகளில் சுமார் 300 கோடி எழுத்து நீளம். அதில் 36,951 மரபணுக்கள். மனிதருக்குச் சுமார் இருபதாயிரந்தான். இந்தத் தொகுதியைத் தோட்டத்துச் செக்ரோலாக, அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேடாக, நினைத்துக்கொள்ளலாம். செக்ரோலில் எல்லோருடைய பேரும் உண்டு. ஆனால் இன்றைக்கு யார் எந்த மலைக்கு என்பது காலையில் ஆள் கூட்டும் பிரட்டில்தான் முடிவாகும். சிலருக்கு முழு நாளுக்கான முழுப்பேர், சிலருக்கு அரைப்பேர், சிலருக்கு அன்று வேலையே இல்லை. உயிரணுவிலும் அப்படித்தான். தேநீருக்கு இதமான சுவை தரும் தியனைன் பெரும்பாலும் வேரில் உருவாகி மேலே ஏறுகிறது. கஃபீனோ இளங்கொழுந்திலேயே உருவாகிறது. இரண்டையும் உருவாக்கும் மரபணுக்கள் இரு இடத்திலும் இருக்கின்றன. வேலைக்கு அழைக்கப்படுவதில்தான் வித்தியாசம்.

அழைப்பவை சில புரதங்கள். மரபணுவுக்குச் சற்று முன்னால் இருக்கும் குறுகிய எழுத்துத் தொடர்களை அடையாளங்கண்டு அவை அங்கே ஒட்டிக்கொள்கின்றன. மண் காய்ந்தால் செடியில் அப்சிசிக் அமிலம் கூடுகிறது, இலைத்துளைகள் மூடுகின்றன, கூடவே பல மரபணுக்கள் விழிக்கின்றன. அவற்றின் முன்னால் அடிக்கடி காணப்படும் தொடர்களில் ஒன்று சி-ஏ-சி-ஜி-டி-ஜி. எதிர் இழையிலும் அதையே அதே வரிசையில் வாசிக்கலாம்.

உயிரின் எழுத்துகளைக் கணினியால் ஆராயும் உயிர்த்தகவலியல் வகுப்பு சூடுபிடிக்க வேண்டிய இடம் இதுதான். கணினியில் இந்த ஆறெழுத்தைத் தேடச் சொன்னால் நொடியில் கண்டுபிடித்துவிடும். மாணவர் மகிழ்ந்துபோவார். ஆனால் நான்கு எழுத்தும் சம அளவில் கலந்திருந்தால், எந்த ஆறெழுத்துத் தொடரும் 4,096 இடத்துக்கு ஒருமுறை தற்செயலாகவே வரும். 300 கோடி எழுத்தில் அது ஏழு இலட்சத்துக்கும் மேல்! தேயிலையில் ஏயும் டியும் கூடுதல் என்பதால் எண்ணிக்கை குறையும். அப்போதும் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கக்கூடிய குவியல் அல்ல. அவற்றில் பெரும்பாலான இடங்களில் எந்தப் புரதமும் ஒட்டிக்கொள்வதில்லை.

ஆகவே ஒப்பிட வேண்டும். வறட்சியில் விழித்த மரபணுக்களை ஒரு பக்கமும், அசையாதவற்றில் அதே எண்ணிக்கையை மறுபக்கமும் வைத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் உள்ள ஆயிரம் எழுத்தில் அந்தத் தொடர் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். விழித்தவற்றில் தெளிவாகக் கூடியிருந்தால்தான் பேச விஷயம் உண்டு. விழித்தவை எவை என்று முடிவுசெய்வதிலும் பொறி இருக்கிறது. நூற்றுக்கு ஐந்து தவறு போகட்டும் என்று விட்டால், உண்மையில் எதுவுமே மாறாத செடியிலும் 36,951இல் ஏறத்தாழ 1,850 மரபணுக்கள் மாறியதாகக் கணினி பொய் சொல்லும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை எவரும் ஒரு வாரத்தில் பழகிக்கொள்வார். "இது தற்செயலாக வந்திருக்கலாமா?" என்று ஒவ்வொரு விடையையும் மடக்கிக் கேட்கும் பழக்கத்துக்குத்தான் ஆசிரியர் வேண்டும்.

இதைக் கற்க எங்கோ ஓர் ஆய்வகத்து எலியின் தரவு தேவையில்லை. தேயிலையின் எழுத்துகள் இணையத்தில் இலவசம். தேடும் கருவிகளும் அப்படியே. சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கும் பெலிஹுல்ஓயா இரத்தினபுரி மாவட்டத்தில்தான். கேகாலைப் பக்கத்து மாணவருக்கு இறப்பர் இருக்கிறது. அதன் விரிவான மரபணுத் தொகுதி 2016இல் வெளிவந்தது. பட்டையில் எத்திபன் என்ற இரசாயனத்தைப் பூசினால் பால் ஏன் கூடுதல் நேரம் வடிகிறது என்பதை அதை வைத்துத் தேடலாம்.

கணினியைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதில் லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு படி முன்னிலை. டிஆர்ஐ 2025இன் கொழுந்தைக் காலையிலும் டிஆர்ஐ 2023இன் கொழுந்தை நண்பகலிலும் பறித்து ஒப்பிட்டால், தெரிவது வகையின் வித்தியாசமா, நேரத்தின் வித்தியாசமா என்று எந்த மென்பொருளும் பிரித்துச் சொல்லாது. ஒன்று கவ்வாத்து முடிந்து தளிர்த்தது, மற்றது முற்றிய செடி என்றாலும் அதே சிக்கல். எந்த மேட்டில் மண் முதலில் காயும் என்பது கொழுந்து எடுக்கும் அம்மாவுக்குத் தெரியும். அவரிடம் கேட்டுத்தான் செடியைத் தெரிவுசெய்ய வேண்டும். பறித்த கொழுந்து உடனே செத்துவிடுவதில்லை. தொழிற்சாலையில் வாட்டும்போதுகூட அதன் மரபணுக்கள் சில அடங்க, சில விழிக்கின்றன. தேயிலை மணத்தில் ஒரு பங்கு அங்கேதான் பிறக்கிறது. அதனால் ஆய்வுக்கான கொழுந்தைக் கிள்ளியவுடன் உறைய வைக்க வேண்டும். திரவ நைதரசன் குடுவையைத் தூக்கிக்கொண்டுதான் மலை ஏற வேண்டும்.