அதிபரைக் கேலி பேசிய குற்றம்

1798 ஜூலை மாதம். அமெரிக்க அதிபர் ஜான் ஆடம்ஸ் நியூவார்க் நகர் வழியாகப் போகிறார். ஊர்க்காரர்கள் பீரங்கி வெடித்து மரியாதை செய்கிறார்கள். நல்ல போதையில் இருந்த லூதர் பால்ட்வின் என்பவர், அந்தக் குண்டு அதிபரின் பின்புறத்தில் பாய்ந்தாலும் தனக்குக் கவலையில்லை என்று சொல்லிவைத்தார். (அவர் சொன்ன சொல்லை இங்கே அச்சிட முடியாது.) அது யாரோ காதில் விழுந்தது, வழக்கு வந்தது, அபராதம் கட்டினார்.

பேச்சுரிமையில் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) கைவைக்கக் கூடாது என்ற அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்து அப்போது ஏழு வருடம்கூட நிறையவில்லை. மூலத்தில் மொத்தமே 45 சொற்கள். இன்றுவரை ஓர் எழுத்துகூட மாறவில்லை, பொருள்தான் தலைகீழாகிவிட்டது. (இந்திய சாசனத்தின் முதல் திருத்தம் 1951இல் வந்தபோது பேச்சுரிமைக்குக் கூடுதல் வரம்பு கட்டியது. ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழுக்குச் சென்னை அரசு போட்ட தடை உச்ச நீதிமன்றத்தில் தோற்றது அதற்கு ஒரு காரணம்.)

பிரான்சோடு போர் மூளுமோ என்ற பயத்தைச் சாக்காக வைத்து ஆடம்ஸின் கட்சி கொண்டுவந்ததுதான் பால்ட்வினை மாட்டிவிட்ட அந்த 1798 தேசத்துரோகச் சட்டம். அதிபரையோ காங்கிரஸையோ அவதூறாக எழுதினால் 2 ஆண்டு வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். துணை அதிபரைத் திட்டினால் மட்டும் குற்றமில்லை. காரணம், அப்போதைய துணை அதிபர் தாமஸ் ஜெபர்சன், எதிர்க்கட்சிக்காரர்! இந்தச் சட்டம் போட்டவர்களை வெறும் பாசாங்குக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் படித்த ஆங்கிலேயச் சட்டத்தில் பத்திரிகைச் சுதந்திரம் என்றால் அச்சாகும் முன் தணிக்கை கிடையாது, அவ்வளவுதான். அச்சான பிறகு எழுதியவன் பாடு.

இதில் சிக்கியவர்களில் வெர்மான்ட் காங்கிரஸ் உறுப்பினர் மேத்யூ லயனும் ஒருவர். 4 மாதச் சிறை, 1,000 டாலர் அபராதம். சிறைக்குள் இருந்தபடியே மறுபடி தேர்தலில் ஜெயித்தார். 1801இல் அதிபர் தேர்தல் இழுபறியாகிக் காங்கிரஸுக்கு வந்தபோது, 36ஆவது சுற்றில் வெர்மான்ட்டின் வாக்கு லயன் மூலம் ஜெபர்சனுக்கு விழுந்தது. ஜெபர்சனும் தண்டிக்கப்பட்டவர்களை மன்னித்தார். அதே ஜெபர்சன் 1803இல் பென்சில்வேனியா ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில், மாநில நீதிமன்றங்களில் நாலைந்து வழக்கு போட்டால் பத்திரிகைகள் திருந்தும் என்று யோசனை சொன்னார்.

அதற்கு வழியும் இருந்தது. முதல் திருத்தம் கட்டிப்போட்டது காங்கிரஸை மட்டும்தான், மாநிலங்களை அல்ல. முதல் திருத்தம் அடங்கிய உரிமை மசோதா மாநிலங்களுக்குப் பொருந்தாது என்று 1833இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அடிமைமுறையைக் கண்டித்து எழுதுவதைத் தென் மாநிலங்கள் குற்றமாக்கின. காங்கிரஸின் பிரதிநிதிகள் சபையோ 1836இல் அடிமைமுறைக்கு எதிரான மனுக்களைத் தொடக்கூட மாட்டோம் என்று விதி போட்டது. எட்டு ஆண்டு போராடி அதை உடைத்தவர் யார் தெரியுமா? முன்னாள் அதிபர் ஜான் குவின்சி ஆடம்ஸ். 1798 சட்டத்தில் கையெழுத்திட்ட ஆடம்ஸின் மகன்.

ஆனாலும் முதல் உலகப் போர் வந்ததும் பழைய கதைதான். 1918இல் ஒஹையோவின் கேன்டன் நகரில் போரை எதிர்த்துப் பேசிய சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்தாண்டுச் சிறை. 1919 மார்ச்சில் அந்தத் தண்டனையை உச்ச நீதிமன்றம் ஒருமனதாக உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ். மறு ஆண்டு ‘கைதி எண் 9653’ ஆன டெப்ஸ் சிறையிலிருந்தே அதிபர் தேர்தலில் நின்று 9 லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கினார்.

இதற்கிடையே ஹோம்ஸின் நண்பர்கள் கடிதத்திலும் நேரிலும் அவரை விடாமல் குடைந்தார்கள். 78 வயது மனிதர், மனம் மாறினார். 1919 நவம்பரில், நியூயார்க்கில் துண்டறிக்கை வீசிய குடியேறிகளின் தண்டனையை ஏற்காமல் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். கூட நின்றது நீதிபதி பிராண்டைஸ் மட்டும். வழக்கு தோற்றது. ஆனால் இன்று அமெரிக்கர்கள் ‘தேசப் பிதாக்கள் தந்தது’ என்று பெருமைப்படும் பேச்சுரிமை, அந்தத் தோற்றுப்போன தீர்ப்பிலிருந்து வளர்ந்ததுதான்.

1925இல் பேச்சுரிமை மாநிலங்களையும் கட்டும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தன் தண்டனையை எதிர்த்து அந்த வழக்கை நடத்திய கிட்லோ மட்டும் தோற்றார். 1964இல் அலபாமா அதிகாரி ஒருவர், மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆதரவான விளம்பரத்துக்காக நியூயார்க் டைம்ஸிடமிருந்து 5 லட்சம் டாலர் கறக்கப் பார்த்த வழக்கு வந்தது. பொய் என்று தெரிந்தோ, உண்மையா என்று கவலையே இல்லாமலோ எழுதியதை நிரூபித்தாலன்றி அதிகாரிகளுக்கு நஷ்டஈடு இல்லை என்றார்கள் நீதிபதிகள். காலாவதியாகி 163 ஆண்டு கடந்த 1798 சட்டம் செல்லாது என்பதே வரலாற்றின் தீர்ப்பு என்று அதிலேயே எழுதினார்கள்.

டெப்ஸைச் சிறையில் தள்ளிய 1917 உளவுச் சட்டம் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2024 ஜூனில், அரசு ரகசியங்களை வெளியிட்ட ஜூலியன் அசாஞ்ச் குற்றத்தை ஒப்புக்கொண்டது அதன் கீழ்தான்.