பொதுச் சுகாதாரத் துறையில் மேற்பார்வைக் கேட்பியலாளர்

மேற்பார்வைக் கேட்பியலாளர் என்பவர் அரசு மருத்துவ அமைப்பில் செவித்திறன் சோதனை, காதொலிக் கருவி பொருத்துதல், கேட்டல் மற்றும் பேச்சுப் பயிற்சி ஆகிய பணிகளைத் தாமும் செய்து, அவற்றைச் செய்யும் பிற பணியாளர்களையும் வழிநடத்திச் சரிபார்ப்பவர் ஆவார். மருத்துவமனைகளில் இவரை ‘ஆடியாலஜிஸ்ட்’ என்றே அழைக்கின்றனர். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் காதின் நோய்க்கு மருந்தும் அறுவைச் சிகிச்சையும் அளிக்கிறார். ஒருவருக்கு எவ்வளவு கேட்கிறது, குறை காதின் எப்பகுதியில் உள்ளது, அதை எதைக் கொண்டு ஈடுசெய்யலாம் என்பவற்றை அளந்து கூறுபவர் கேட்பியலாளர்.

சோதனை செய்வதோடு இவரது பொறுப்பு முடிவதில்லை. காது கேளாத குழந்தை ஒன்றுகூடப் பேச்சு கற்கும் பருவத்தைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்வதே மேற்பார்வையின் மையப் பணி. பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பந்தட்டை வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பணி இங்கே விளக்கப்படுகிறது.

பணியின் தேவை

காது கேளாமை கண்ணுக்குத் தெரியாத குறைபாடு. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் மற்றக் குழந்தைகளைப் போலவே குரல் எழுப்பும். முகம் பார்த்துச் சிரிக்கும். கதவு அறையப்படும்போது அதிர்வை உணர்ந்து திரும்பும். எனவே குடும்பத்தினருக்கு ஐயம் எழுவதில்லை. ஒன்றரை வயதில் பேச்சு வராதபோதும், “இவன் அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்” என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் கூறுவது வழக்கம். அந்த ஆறுதலில் கழியும் காலம் திரும்பக் கிடைப்பதில்லை. மூளையில் ஒலியைப் பகுத்தறியும் பகுதிகள் வாழ்வின் முதல் சில ஆண்டுகளில்தான் விரைந்து வளர்கின்றன. அப்போது ஒலி எட்டாவிட்டால், பின்னர் கருவி பொருத்தினாலும் பேச்சு முழுமையாக வருவது கடினம்.

இதனால் ‘1-3-6’ என்னும் காலக்கெடு உலக அளவில் பின்பற்றப்படுகிறது. பிறந்த 1 மாதத்திற்குள் முதற்கட்டச் சோதனை, 3 மாதத்திற்குள் உறுதியான கண்டறிதல், 6 மாதத்திற்குள் கருவியும் பயிற்சியும் தொடங்குதல் என்பது இதன் பொருள். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட உலகச் செவித்திறன் அறிக்கையின்படி, குழந்தைகளின் செவித்திறன் குறைபாடுகளுள் ஏறத்தாழ 60 விழுக்காடு தடுக்கக்கூடிய காரணங்களால் ஏற்படுபவை. காதில் சீழ் வடிதல், ருபெல்லா முதலிய தொற்றுகள், பிறப்பின்போது மூச்சுத் திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, செவியைப் பாதிக்கும் மருந்துகள் ஆகியவை அவற்றுள் சில. மரபுவழிக் காரணங்களும் உண்டு. நெருங்கிய உறவில் நடக்கும் திருமணங்களில் இவ்வாய்ப்பு கூடுகிறது.

கல்வித் தகுதியும் பதிவும்

கேட்பியல் மற்றும் பேச்சு மொழி நோயியல் இளநிலைப் பட்டப்படிப்பு ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியுடன் நான்கு ஆண்டுகள் கொண்டது. அதன்பின் இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு உண்டு. மைசூரில் 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்திய வாக்கு சிரவண நிறுவனமும், மும்பையில் 1983-இல் தொடங்கப்பட்ட அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும் இத்துறையின் முன்னோடி நிறுவனங்கள். 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டத்தின்படி, இப்பணியைச் செய்வோர் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். ஓராண்டுப் பட்டயம் பெற்ற உதவியாளர்களும் உள்ளனர். அவர்கள் எடுக்கும் சோதனைகளைச் சரிபார்த்து முடிவு கூறும் பொறுப்பு கேட்பியலாளருடையது.

அரசு அமைப்பில் இப்பணியின் இடம்

காது கேளாமைத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுக்கான தேசியத் திட்டம் 2007-இல் முன்னோடியாகத் தொடங்கப்பட்டது. மாவட்ட மருத்துவமனையில் செவித்திறன் சோதனைப் பிரிவை ஏற்படுத்துவதும், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் முதல் கிராமப் பணியாளர் வரை பயிற்சி அளிப்பதும் இதன் பகுதிகள். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையிலானோரிடம் 30 வகை உடல்நலக் குறைகளைத் தேடுகிறது. பிறவிச் செவிட்டுத்தன்மையும் அவற்றுள் ஒன்று. இத்திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரு முறையும், பள்ளி மாணவர்களை ஆண்டுக்கு ஒரு முறையும் பரிசோதிக்க வேண்டும். குறை ஐயுறப்படும் குழந்தைகள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திற்கு அனுப்பப்படுகின்றனர். அம்மையத்தின் பணியாளர் பட்டியலில் கேட்பியலாளரும் இடம்பெறுகிறார்.

வேப்பந்தட்டை, பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் உள்ள வட்டத் தலைமையிடம். அரும்பாவூர், பூலாம்பாடி ஆகிய பேரூராட்சிகளும், பச்சைமலை அடிவாரச் சிற்றூர்களும் இவ்வட்டாரத்தைச் சேர்ந்தவை. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் முதன்மைப் பயிர்கள். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 5,65,223. தமிழ்நாட்டின் சிறிய மாவட்டங்களுள் இதுவும் ஒன்று. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வேண்டுமெனில் திருச்சிக்கோ, 2022-இல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட அரியலூருக்கோ செல்ல வேண்டும்.

இந்தத் தொலைவே மேற்பார்வையாளரின் முதல் இடர்ப்பாடு. மலையடிவார ஊரிலிருந்து ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறி மாவட்ட மருத்துவமனைக்கு வர வேண்டுமெனில் ஒரு நாள் கூலி போய்விடும். முதல் சோதனைக்கு வந்தவர், “மறுபடியும் வாங்க” என்றதும் வராமல் போவது பெரும்பாலும் அக்கறையின்மையால் அன்று. அறுவடைக் காலத்தில் அந்த நாளை அவரால் ஒதுக்க முடிவதில்லை.

சோதனை முறைகள்

பிறந்த குழந்தைக்கு இரண்டு சோதனைகள் முக்கியமானவை. முதலாவது, செவி எதிரொலிச் சோதனை (ஓ.ஏ.இ.). ஒலியைப் பெறும்போது உட்செவியின் மயிர்செல்கள் மிக மெல்லிய ஒலியைத் திருப்பி எழுப்புகின்றன. இதனை 1978-இல் டேவிட் கெம்ப் என்பவர் வெளிப்படுத்தினார். தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து அந்த ஒலியைப் பதிவு செய்யச் சில நிமிடங்கள் போதும். காதில் பிறப்பு நீர் இருந்தாலும் முடிவு ‘தேறவில்லை’ என வரக்கூடும். ஆகவே மறுசோதனை கட்டாயம்.

இரண்டாவது, மூளைத்தண்டு செவிப்புலச் சோதனை (பெரா). ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் எழுப்பும் மின் அலைகளைத் தலையில் ஒட்டிய மின்முனைகள் பதிவு செய்கின்றன. உட்செவி நலமாக இருந்து நரம்பில் குறை இருந்தால் முதல் சோதனை அதைக் காட்டாது. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கு இந்த இரண்டாவது சோதனை தேவைப்படுவதற்குக் காரணம் இதுவே.

பெரிய குழந்தைகளுக்கும் வயது வந்தோர்க்கும் தூய ஒலி அளவி (ஆடியோமீட்டர்) பயன்படுகிறது. பொதுவாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை அளித்து, கேட்கும் மிகக் குறைந்த அளவு டெசிபலில் குறிக்கப்படுகிறது.

மேற்பார்வையின் கூறுகள்

கருவியின் துல்லியம்: ஒலி அளவியை ஆண்டுக்கு ஒருமுறை அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். நாள்தோறும் சோதனை தொடங்குமுன், நல்ல செவித்திறன் உள்ள ஒருவர் காதில் மாட்டிக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். கருவி 15 டெசிபல் பிழையாகக் காட்டினால், அன்று சோதிக்கப்பட்ட அனைவரின் முடிவும் பிழையே.

சோதனை அறை: மின்விசிறி, மின்னாக்கி, சாலைப் போக்குவரத்து ஆகியவற்றின் இரைச்சல் தாழ்ந்த ஒலிகளை மறைத்துவிடும். முகாம்களில் பள்ளிக்கூடத்தின் எந்த அறையில், எந்த நேரத்தில் சோதிப்பது என்பதையும் மேற்பார்வையாளரே முடிவு செய்கிறார்.

முடிவுகளைப் படித்தல்: பெரா அலைகளைப் படிப்பதற்குப் பயிற்சியும் அனுபவமும் வேண்டும. இரைச்சலை அலை என்று தவறாகப் படித்துவிட்டால், கேளாத குழந்தை ‘கேட்கிறது’ என்று வீட்டுக்கு அனுப்பப்படும். ஆகவே ஒருவர் எடுத்த பதிவை மற்றொருவர் தனியே படித்து ஒப்பிடும் வழக்கம் தேவை.

சான்றிதழ்: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரு காதுகளிலும் பேச்சொலி அளவில் 70 டெசிபல் இழப்பு உள்ளவர் காது கேளாதவர், 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு உள்ளவர் செவித்திறன் குறைந்தவர். உதவித்தொகை, கல்வி, வேலைவாய்ப்பு ஆகிய அனைத்துக்கும் அடிப்படையாகும் சான்றிதழ் இந்த அளவீட்டை நம்பியே வழங்கப்படுகிறது. சில டெசிபல் பிழையில் ஒருவரின் உரிமை பறிபோகலாம்.

தொடர் பதிவேடு: யார் முதல் சோதனையில் தேறவில்லை, யார் மறுசோதனைக்கு வரவில்லை, யாருக்குக் கருவி கொடுத்தும் பயிற்சி தொடங்கவில்லை என்று பெயர் பெயராகக் காட்டும் ஏடு இது. எத்தனை பேரைச் சோதித்தோம் என்ற எண்ணிக்கையை அறிக்கையில் எழுதுவது எளிது. வராமல் போன குழந்தையின் பெயரைக் கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடிப் பணியாளரிடமோ சொல்லித் திரும்ப அழைப்பதில்தான் திட்டத்தின் பயன் இருக்கிறது.

மேற்பார்வை தவறியபோது

மேற்பார்வையின் இன்றியமையாமையை ஸ்காட்லாந்தில் நடந்தது காட்டுகிறது. எடின்பரோவை உள்ளடக்கிய லோதியன் பகுதியின் அரசுச் சுகாதார அமைப்பில், ஒரு குழந்தையின் குறை உரிய காலத்தில் கண்டறியப்படவில்லை என்ற முறையீடு எழுந்தது. அதைத் தொடர்ந்து பிரித்தானியக் கேட்பியல் சங்கம் 2009 முதல் 2018 வரையிலான ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தது. 2021-இல் வெளியான முடிவில், 155 குழந்தைகளின் கவனிப்பில் பெரும் குறைபாடுகள் இருந்தது தெரியவந்தது. சிலருக்குக் கண்டறிதல் பல ஆண்டுகள் தாமதமாகியிருந்தது. நவீனக் கருவிகளும் பட்டம் பெற்ற பணியாளர்களும் இருந்த இடத்திலேயே இது நடந்தது. சோதனைகளைப் பிறர் சரிபார்க்கும் ஒழுங்கு இல்லாவிட்டால் ஒரே தவறு ஆண்டுக்கணக்கில் தொடரும் என்பது இதன் பாடம்.

தொலைவழிக் கேட்பியல்

வல்லுநரைச் சிற்றூருக்கு அனுப்ப இயலாதபோது, சோதனையின் அலைகளை வல்லுநரிடம் அனுப்பலாம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் கேட்பியலாளர்கள் இம்முறையைச் செயல்படுத்தி ஆராய்ந்துள்ளனர். பயிற்சி பெற்ற கிராமப் பணியாளர்கள் செவி எதிரொலிச் சோதனை செய்தனர். தேறாத குழந்தைகளுக்கு, செயற்கைக்கோள் இணைப்புள்ள ஊர்தியில் பெரா சோதனை நடத்தப்பட்டது. கேட்பியலாளர் தொலைவிலிருந்தே அதை இயக்கிப் படித்தார். இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2013-இல் வெளியானது. வேப்பந்தட்டை போன்ற வட்டாரங்களுக்கு இம்முறை மிகவும் பொருந்தும். ஆனால் மின்முனை ஒட்டும் பணியாளரின் கைத்திறனையும், மறுசோதனைக்கு அழைக்கும் ஒழுங்கையும் கண்காணிக்க ஒரு மேற்பார்வையாளர் அப்போதும் தேவை.

கருவி கொடுத்த பின்

காதொலிக் கருவி கொடுப்பது தொடக்கமே. குழந்தை வளர வளரக் காதின் அளவு மாறும். சில மாதங்களுக்கு ஒருமுறை காது அச்சைப் புதிதாக எடுக்க வேண்டும். அச்சு தளர்ந்தால் கருவி ‘கீச்’ என்று ஒலிக்கும். தொல்லை தாங்காமல் தாய் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார். மின்கலம் தீர்ந்து, வாங்கக் கடை தெரியாமல் நின்றுபோவதும் உண்டு. பதிவேட்டில் ‘கருவி வழங்கப்பட்டது’ என்றிருக்கும். குழந்தைக்கோ ஒன்றும் கேட்டிருக்காது. எனவே எத்தனை மணி நேரம் கருவி காதில் இருக்கிறது என்று ஒவ்வொரு வருகையிலும் கேட்டறிவது மேற்பார்வையாளரின் கடமை.

காதொலிக் கருவியால் பயன் பெறாத, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் உள்வைப்பு அறுவைச் சிகிச்சை செய்யப்படுகிறது. அதன்பின் கேட்டல் பயிற்சி தொடர்ந்து நடக்காவிட்டால் அறுவைச் சிகிச்சையின் பயன் கிட்டாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

பிறந்த குழந்தை பேரொலிக்குத் திடுக்கிட வேண்டும். ஆறு மாதத்தில் ஒலி வரும் பக்கம் திரும்ப வேண்டும். ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் பார்க்க வேண்டும். ஓரிரு சொற்கள் வர வேண்டும். இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் காத்திருக்காமல் கிராம சுகாதார செவிலியரிடம் தெரிவிக்கலாம். 104 என்னும் அரசு மருத்துவ உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். காதில் எண்ணெயோ பச்சிலைச் சாறோ விடக் கூடாது. சோதனை முடிந்ததும் முடிவுச் சீட்டைக் கேட்டு வாங்கி, தடுப்பூசி அட்டையுடன் வைத்துக்கொள்வது நல்லது. ‘மறுசோதனை’ என்று அதில் எழுதியிருந்தால், குறித்த நாளில் குழந்தையை அழைத்துச் செல்ல வேண்டும். அந்த நாளில் செல்ல இயலாவிட்டால் வேறு நாள் கேட்டுப் பெறலாம்; சோதனையை மட்டும் விட்டுவிடக் கூடாது.