அடுக்களையிற் கரப்பான் பூச்சி

நெல் மூடைகளின் அடியிற் காணப்படும் கரிய எச்சங்களை எலியினுடையவை எனக் கமக்காரர் பலர் கருதிவிடுகின்றனர். எலியின் எச்சம் நுனி கூர்ந்திருக்கும். செங்கபில நிறப் பெரிய கரப்பானின் எச்சமோ நுனி மழுங்கி, நீளவாட்டில் வரி கொண்டிருக்கும். ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் நீளமான கருங்கபிலக் கூடும் அருகிற் கிடப்பின் ஐயமில்லை. அக்கூடொன்றினுள் 15 முட்டைகள் வரை இருக்கும். மருந்து அதனுள் எளிதிற் புகாது. ஆதலாற் கண்டவுடன் நசுக்கிவிடுதல் வேண்டும்.

கழுவாத பாத்திரமும் ஈரச் சாக்குமே இவற்றை வளர்ப்பன. மூடைகளைச் சுவரினின்று விலக்கிப் பலகைமேல் அடுக்குக. சீனி, கோதுமை மா, போரிக்கமிலத் தூள் ஆகியவற்றைச் சம அளவிற் கலந்து, சிறிது நீர் விட்டுப் பிசைந்து, குழந்தைகளும் கோழிகளும் எட்டாத இடுக்குகளில் வைக்கலாம். பலன் காணச் சில நாட்கள் செல்லும். பொறுமையிழந்து வயலுக்குரிய பூச்சிநாசினியை அடுக்களையில் விசிறுவோரும் உளர். அந்நஞ்சு உணவிற் படிந்து உயிருக்கே கேடு செய்யும். அதனை வீட்டினுள் வைத்திருத்தலும் ஆகாது.