குமிழைத் திருப்பினால் கரகரப்பு: மைக் செட்டைச் சரிசெய்வது எப்படி?

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்து ஊர்களில் மைக் செட் இல்லாத விசேஷம் இல்லை. பாறசாலை மகாதேவர் கோயில் திருவிழாவா? மைக் செட் வேண்டும். கமுகின்கோடு அந்தோணியார் கோயில் திருவிழாவா? அங்கும் வேண்டும். கல்யாண வீடு, பொதுக்கூட்டம், பள்ளி ஆண்டு விழா எல்லாவற்றுக்கும் வேண்டும்.

1956 நவம்பர் 1ஆம் தேதி மாநில எல்லை பிரிந்தது. விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆனால் பேச்சுக்கு எல்லை இல்லை. இந்த ஊர்களில் ஒரே மைக்கில் மலையாளமும் கேட்கும், தமிழும் கேட்கும்.

மைக் செட் வெறும் பாட்டுக்கு மட்டும் உள்ளதா? இல்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தது. திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் கடலில் உயிர் இழந்தார்கள். கடலோரத்தில் புயல் எச்சரிக்கை சொல்லவும் ஒலிபெருக்கி வேண்டும். அப்போது ஒரு சொல்கூடக் கரகரப்பில் மறையக் கூடாது.

மைக் செட்டில் அடிக்கடி வரும் கோளாறு எது? குமிழைத் திருப்பும்போது வரும் கரகர சத்தம்தான். "அண்ணே, என்ன இப்படி இரையுது?" என்று ஆட்கள் கேட்பார்கள். மைக் செட்டுக்காரருக்கு வெட்கமாக இருக்கும். அடுத்த முறை வேறு செட்டுக்காரரைக் கூப்பிட்டு விடுவார்கள். அவருடைய பிழைப்பே போய்விடும். ஆனால் இந்தக் கோளாறைப் பெரும்பாலும் சிறு செலவில் சரிசெய்யலாம். புது மிக்சர் வாங்க வேண்டியதில்லை.

குமிழுக்குள் என்ன இருக்கிறது?

மைக்கில் பேசுகிறோம். பேச்சு மிகச் சிறிய மின்சாரமாக மாறுகிறது. அது மிக்சருக்குப் போகிறது. பல மைக்குகளின் ஒலியை மிக்சர் கலக்கிறது. பிறகு ஆம்ப்ளிபயர் அதைப் பெரிதாக்குகிறது. கடைசியில் ஸ்பீக்கர் அதை மறுபடி சத்தமாக்குகிறது.

ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் மிக்சரில் குமிழ்கள் உண்டு. குமிழுக்குக் கீழே ஒரு சிறு பாகம் இருக்கிறது. தொழில் செய்கிறவர்கள் அதை 'கண்ட்ரோல்' என்பார்கள். அதற்குள் கரி பூசிய ஒரு தடம் இருக்கும். அது குதிரை லாடம் போல வளைந்திருக்கும். அந்தத் தடத்தின் மேல் ஒரு சிறு உலோக நாக்கு உரசிக்கொண்டு நகரும். நாம் குமிழைத் திருப்பினால் இந்த நாக்கு நகர்கிறது.

தண்ணீர்க் குழாயின் திருகைத் திருப்பினால் தண்ணீர் கூடும், குறையும் அல்லவா? அதுபோலத்தான் இதுவும். நாக்கு ஒரு பக்கம் நகர்ந்தால் ஒலி கூடும். மறுபக்கம் நகர்ந்தால் குறையும்.

கரகரப்பு ஏன் வருகிறது?

குண்டும் குழியுமான சாலையில் பஸ் போனால் குலுங்கும். கரித்தடத்தில் தூசி படிந்தாலும் அப்படித்தான். நாக்கு தூசியின் மேல் ஏறும்போது தொடர்பு ஒரு நொடி விடுபடும். பிறகு சேரும். இந்தச் சிறு துள்ளலை ஆம்ப்ளிபயர் பல மடங்கு பெரிதாக்குகிறது. அதனால்தான் காது கிழிவது போலக் கேட்கிறது.

இதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதல் காரணம் தூசி. திருவிழாத் திடலில் செம்மண் புழுதி பறக்கும். வெடிப் புகையும் சேரும். இவை குமிழின் இடுக்கு வழியே உள்ளே போகும்.

இரண்டாவது ஈரம். இங்கே இடவப்பாதி மழையும் உண்டு, துலாமழையும் உண்டு. பூவார் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் வீசும். ஈரமும் உப்பும் உலோகத்தில் களிம்பு பிடிக்கச் செய்யும்.

மூன்றாவது தேய்மானம். பல ஆண்டுகள் உரசினால் கரித்தடம் தேய்ந்துவிடும்.

நான்காவது வேறொரு பாகத்தின் கோளாறு. கண்ட்ரோலுக்கு முன்னே கண்டென்சர் என்ற பாகம் இருக்கும். ஒலி மின்சாரத்தை மட்டும் விட்டு, நேர் மின்சாரத்தைத் தடுப்பது அதன் வேலை. அது கெட்டுப்போனால் நேர் மின்சாரம் கண்ட்ரோலுக்குள் கசியும். அப்போது சுத்தமான கண்ட்ரோலும் கரகரக்கும்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடியுங்கள்

எல்லாச் சத்தமும் குமிழால் வருவதல்ல. முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்.

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரப்பு வந்தால், கோளாறு அந்தக் குமிழில் இருக்கலாம். வயரை ஆட்டும்போது வந்தால் வயரையும் பிளக்கையும் பாருங்கள். எதையும் தொடாமல் 'ஊம்' என்று இரைந்துகொண்டே இருந்தால் அது எர்த் கோளாறாக இருக்கலாம்.

மிக்சரில் பல குமிழ்கள் உண்டு. ஒலியைச் சிறிதாக வைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். எது கரகரக்கிறதோ அதன் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பழுது பார்க்கும்போது மறந்து போகாது.

வேலைக்கு முன் உயிர்ப் பாதுகாப்பு

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்க வேண்டும். ஸ்பீக்கர் வயர்களையும் கழற்ற வேண்டும். சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். கரண்ட் போன பிறகும் பெரிய கண்டென்சர்களில் மின்சாரம் தங்கி இருக்கும். தொட்டால் ஷாக் அடிக்கும்.

மிக்சரும் ஆம்ப்ளிபயரும் ஒரே பெட்டியில் உள்ள செட்டுகளும் உண்டு. அவற்றில் கரண்ட் நேராக உள்ளே வருகிறது. பழக்கம் இல்லாதவர் அந்தப் பெட்டியைத் திறக்கக் கூடாது. தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. ஈரக் கையோடும், ஈரத் தரையில் நின்றும் வேலை செய்யக் கூடாது.

சுத்தம் செய்யும் முறை

1. பெட்டியைத் திறக்கும் முன், கரகரக்கும் குமிழைக் கோடி முதல் கோடி வரை முப்பது முறை திருப்புங்கள். நெடுநாள் தொடாத குமிழில் இதனாலேயே கரகரப்பு குறைவது உண்டு.

2. அப்படியும் போகவில்லையா? பெட்டியைத் திறங்கள். ஸ்குரூக்களை ஒரு கிண்ணத்தில் போடுங்கள். எந்த ஸ்குரூ எந்த இடம் என்று எழுதி வையுங்கள்.

3. மெல்லிய தூரிகையால் உள்ளே உள்ள தூசியைத் துடையுங்கள்.

4. கண்ட்ரோலைப் பாருங்கள். அதற்கு மூன்று கால்கள் இருக்கும். பல கண்ட்ரோல்களில் கால்களுக்குப் பக்கத்தில் சிறு இடைவெளி உண்டு. அந்த வழியே 'கான்டாக்ட் கிளீனர்' மருந்தைத் தெளிக்க வேண்டும். ரேடியோ பார்ட்ஸ் கடைகளில் இது டப்பாவில் கிடைக்கும். டப்பாவோடு மெல்லிய குழலும் இருக்கும். ஒரு சிறு தெளிப்புப் போதும். ஊற்றக் கூடாது.

5. உடனே குமிழை இருபது, முப்பது முறை முழுவதும் திருப்புங்கள். அழுக்கு தடத்தை விட்டு விலகும்.

6. மூடாமல் அரை மணி நேரம் உலர விடுங்கள். மருந்து எளிதில் தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி, விளக்கு, அடுப்பு கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

7. மூடிய பிறகு ஒலியைச் சிறிதாக வைத்துச் சோதியுங்கள்.

மேலும் கீழும் தள்ளும் குமிழ்களும் உண்டு. இவற்றைத் தொழிலில் 'பேடர்' என்பார்கள். இதன் நீளமான பள்ளம் திறந்தே இருக்கும். தூசி எளிதாக விழும். இதைத் தெளிக்கும் முன் தூரிகையால் நன்றாகத் துடைக்க வேண்டும். வழவழப்புப் பசையைக் கரைக்காத மருந்தையே கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பேடர் இறுகிப் போகும்.

செய்யக் கூடாதவை

சிலர் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். அன்று சத்தம் நிற்கும். ஆனால் எண்ணெயில் தூசி ஒட்டும். சில மாதத்தில் முன்னைவிட அதிகமாகக் கரகரக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம். அவை தீப்பிடிக்கும். தின்னர் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் கரித்தடமே போய்விடும்.

சுத்தம் செய்தும் போகவில்லை என்றால்?

கரித்தடம் தேய்ந்திருக்கலாம். அல்லது கண்டென்சர் கசியலாம். தொழில் தெரிந்தவர் மல்டிமீட்டரால் இதைக் கண்டுபிடிப்பார். கரண்ட் இல்லாத நிலையில், கண்ட்ரோலைக் கழற்றி, நடுக் காலுக்கும் ஓரக் காலுக்கும் இடையே அளப்பார். குமிழைத் திருப்பும்போது அளவு சீராக ஏறினால் தடம் நல்லது. திடீரென்று குதித்தால் தடம் தேய்ந்துவிட்டது. தேய்ந்த கண்ட்ரோலை மாற்ற வேண்டும். தடம் நன்றாக இருந்தும் கரகரத்தால் கண்டென்சரைச் சோதிக்க வேண்டும்.

இங்கேதான் படிப்பு உதவுகிறது. கண்ட்ரோலின் மேல் எண்ணும் எழுத்தும் அச்சிட்டிருக்கும். '10 கே' என்றால் 10,000 ஓம் என்று பொருள். கூடவே ஆங்கில எழுத்து 'ஏ' அல்லது 'பி' இருக்கும். இந்தக் காலத்துப் பாகங்களில் பொதுவாக 'ஏ' என்பது வால்யூமுக்கு உள்ளது. 'பி' என்பது சீராக ஏறும் வகை.

இரண்டும் ஏன் வேறு? ஒலி இரு மடங்கானாலும் நம் காதுக்கு இரு மடங்காகத் தோன்றாது. அதனால் வால்யூம் கண்ட்ரோல் முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏற வேண்டும். அந்த இடத்தில் 'பி' வகையைப் போட்டால், கொஞ்சம் திருப்பியதும் ஒலி பெரிதாகிவிடும். எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் சரியான பாகத்தைக் கேட்டு வாங்குவார். கடைக்காரர் தருவதை வாங்கி ஏமாற மாட்டார். பழைய பாகத்தையும் கையில் எடுத்துப் போவது இன்னும் நல்லது.

கோளாறு வராமல் காப்போம்

வேலை முடிந்ததும் மிக்சரைத் துணியால் மூட வேண்டும். ஈரத் தரையில் வைக்கக் கூடாது. மழைக்காலத்தில் பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒரு முறை எல்லாக் குமிழ்களையும் திருப்பிவிட வேண்டும். மேசையில் டீ வைக்கக் கூடாது. இயக்கும்போது மிக்சரை முதலில் போட வேண்டும், ஆம்ப்ளிபயரைக் கடைசியில் போட வேண்டும். நிறுத்தும்போது ஆம்ப்ளிபயரை முதலில் அணைக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஸ்பீக்கரில் 'டப்' என்ற அதிர்ச்சி வராது.

இன்னொன்றும் உண்டு. செட் சரியாகிவிட்டது என்று இரவெல்லாம் அலற விடலாமா? கூடாது. 2000ஆம் ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களில் அரசு அனுமதித்தால் மட்டும் நள்ளிரவு 12 மணி வரை போடலாம். அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் இல்லை. பக்கத்து வீட்டில் நோயாளி இருப்பார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும்.

நினைவில் கொள்ளுங்கள்

பிளக்கைப் பிடுங்கிய பிறகே வேலை.
கரகரக்கும் குமிழை முதலில் கண்டுபிடி.
கொஞ்சம் மருந்து, நிறையத் திருப்பு.
எண்ணெய் வேண்டாம்.
பாகத்தின் எண்ணையும் எழுத்தையும் படித்து வாங்கு.

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் மைக் செட் எதற்கெல்லாம் பயன்படுகிறது?
கரகரப்பு வந்தால் இதுவரை என்ன செய்தார்கள்?
வீட்டு ரேடியோவின் குமிழும் கரகரக்கிறதா? அதற்கு இந்த முறை பொருந்துமா?