ஆழத்தில் இழுக்கும் தூண்டில்: தடி, றீல், ஈயம் வாங்குமுன்

வலிகாமம் வடக்கின் செம்மண் காணிகளை விட்டு 1990 இல் வெளியேறிய கமக்காரக் குடும்பங்களில் ஒரு பகுதியினர் வடமராட்சிக் கரையோரத்தில் தங்கிவிட்டனர். 2010 இன் பின்னர் காணிகள் கட்டங்கட்டமாக விடப்பட்டன. மயிலிட்டித் துறைமுகமும் 2017 இல் கையளிக்கப்பட்டது. ஆனாலும் எல்லோருக்கும் எல்லாக் காணியும் திரும்பவில்லை. வெங்காயமும் புகையிலையும் வைத்துப் பழகியவர்களின் பிள்ளைகள் சிலர் இன்று தொண்டைமானாற்றிலும் அயற்கரைகளிலும் படகில் இரண்டாம் ஆளாகப் போகிறார்கள். இவர்களிற் பலர் எம்மிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் நல்ல தூண்டில் தடியும் றீலும் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?" கைக்காசு போட்டுக் கொழும்பில் வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

தொண்டைமானாறு என்றவுடன் கமக்காரருக்கு நினைவு வருவது அங்குள்ள தடுப்பணை. உப்புநீரை வெளியே நிறுத்தி, கடனீரேரியை மெல்ல மெல்ல நன்னீராக்குவதற்காகக் கட்டப்பட்டது அது. நாம் இங்கே பேசப்போவது அந்த அணைக்கு வெளியே உள்ள கடலைப் பற்றி.

இழுவைத் தூண்டில் என்று நாம் சொல்வது, படகு மெதுவாக ஓடிக்கொண்டிருக்க, இரை கோத்த தங்கூசியைப் பின்னால் இழுத்துச் செல்வதையே. கடலின் அடியை வாரிச் செல்லும் இழுவைமடி வேறு. அது 2017 ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டத் திருத்தத்தினால் இலங்கையில் தடைசெய்யப்பட்டது. இழுவைத் தூண்டிலில் ஒரு கொளுக்கிக்கு ஒரு மீன். அறுக்குளா, பாரை, சீலா, கட்டா, சூரை என்பவையே இதிற் படும். விடியற்காலையில் மேலே பாய்ந்து கொத்தும் மீன், வெயில் ஏறியதும் சில பாகம் கீழே இறங்கிவிடுவதுண்டு. அப்போது மேலே இழுபடும் தூண்டில் வெறுமனே வரும், எண்ணெய்தான் செலவாகும். இரையைக் கீழே அனுப்புவது எப்படி என்பதே ஆழ இழுவையின் முழுக் கேள்வியும்.

வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டி விட்டுப் பாருங்கள். கல் நேரே கீழே போகாது. ஓட்டம் அதனைத் தள்ளி மேலே தூக்கும். நூல் தடிப்பாக இருந்தால் இன்னும் தூக்கும். கடலிலும் இதுதான் நடக்கிறது, அங்கே தண்ணீருக்குப் பதிலாகப் படகு ஓடுகிறது. நீரின் இழுப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். அதாவது, மணிக்கு 2 கடல்மைல் வேகத்தில் 1 கிலோ ஈயம் ஓர் ஆழத்தில் நிற்குமானால், 4 கடல்மைல் வேகத்தில் அதே ஆழத்தில் நிறுத்த ஏறக்குறைய 4 கிலோ வேண்டும். ஆகவே ஆழம் வேண்டுமென்றால் முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். இரண்டாவது, தங்கூசியை மெல்லியதாக்க வேண்டும். பாரம் கூட்டுவது மூன்றாவது. வேகத்தைக் குறைக்கக் காசு வேண்டாம், எண்ணெயும் மிஞ்சும். கடையில் விற்பவர் இந்த வரிசையைச் சொல்லமாட்டார், அவருக்கு அதனால் இலாபமில்லை.

கனடாவிலிருந்து வரும் சாமான்களை இதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒன்ராறியோ ஏரியின் மிக ஆழமான இடம் 240 மீற்றருக்கு மேல். கோடையில் மேல்நீர் சூடாகிவிட, குளிர்நீரை விரும்பும் சமன் மீன் மிகக் கீழே போய்விடும். அதனை எட்டுவதற்கென்றே அங்கே பல உபாயங்கள் உண்டாயின. ஒன்று ஈயக்கம்பித் தங்கூசி. நூலால் பின்னிய உறைக்குள் மெல்லிய ஈயக்கம்பி ஓடும். 10 யாருக்கு ஒருமுறை நிறம் மாறும், எத்தனை நிறம் விட்டோம் என்று எண்ணிக்கொள்ளலாம். மெதுவான ஓட்டத்தில் ஒரு நிறம் ஏறக்குறைய 5 அடி தாழும் என்பது அங்குள்ளவர்களின் கணக்கு. எமது கணக்கிற் சொன்னால், 5 பாகம் விட்டால் ஒரு பாகம்கூட இறங்காது. 100 யார் விட்டால் 8 பாகம் கிடைக்கும். வேகம் கூடினால் அதுவும் இல்லை. இன்னொன்று, படகின் ஓரத்தில் தனிக்கம்பியில் 4, 5 கிலோ குண்டை இறக்கி, தங்கூசியை அதிலே ஒரு கிளிப்பினால் கொளுவி விடுவது. மீன் கொத்தியதும் கிளிப் விட்டுவிடும். நல்ல யுக்திதான். ஆனால் பார் உள்ள இடத்தில் குண்டு சிக்கினால் கம்பியோடு போய்விடும்.

எமது கடல் அப்படியானதன்று. பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றருக்கு உட்பட்டது. பாக்கு நீரிணையும் ஆழங்குறைந்த கடலே. பருத்தித்துறைக்குக் கிழக்கே வங்காள விரிகுடாவிற்குள் போகப் போகத்தான் ஆழம் கூடும். 20, 30 பாகத்திற்கு இரையை இறக்கும் கருவி இங்கே அனேகமாக வேண்டியதில்லை. 3 பாகம் தொடக்கம் 7, 8 பாகம் வரை இறங்கினால் போதும். அதனை ஈயக்குண்டும் கைத்தூண்டிலுமே செய்துவிடும்.

அனுப்பும் சாமான்களில் எது உதவும்? நீளமான, மெல்லிய, வளையும் தடிகள் உதவா. அவை கிளிப்போடு வளைத்துப் பூட்டி வைப்பதற்குச் செய்தவை. எமது பாரத்தை இழுத்துப் பிடிக்கமாட்டா. தடி வேண்டுமென்றே ஆசைப்படுபவர் 6 அடிக்குக் குறைந்த, கட்டையான, உறுதியான தடியைக் கேட்கலாம். ஏரிக்கென்று செய்த றீல் உப்புநீரில் ஒரு வருடம் தாங்குவதே அரிது. ஒவ்வொரு நாளும் நன்னீரில் கழுவ வேண்டும். கரையோரக் கிணற்றின் உவர்நீரிற் கழுவிப் பயனில்லை என்பதை உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. அனுப்புகிறவர் மனம் நோகாமல் ஒன்று சொல்லலாம்: தடிக்குப் பதிலாக நல்ல துருப்பிடிக்காத கொளுக்கிகளும், 'சுவீவல்' என்று சொல்லும் சுழல் வளையங்களும், கொஞ்சம் உருக்குக் கம்பியும் அனுப்பச் சொல்லுங்கள். ஒரு சிறு பொதியில் வரும், இரண்டு மூன்று பருவத்திற்குக் காணும்.

றீலுக்குப் பதில் மரச்சில்லு போதும். மேற்குச் சமோவாத் தீவில் 1970களில் ஐ.நா. உணவு விவசாய நிறுவனத்தின் திட்டமொன்றில் மரத்தாற் செய்த கைச்சில்லு ஒன்று உருவானது. படகின் ஓரத்தில் ஒரு கட்டை, அதிலே கைபிடியுள்ள மரச்சில்லு, அவ்வளவே. பசிபிக் தீவுகள் பலவற்றிற்கு அது பரவியது. ஊர்த் தச்சர் ஒருவர் படத்தைப் பார்த்தே செய்யக்கூடியது. உடைந்தால் அவரே திருத்துவார். றீல் உடைந்தால் யார் திருத்துவார்?

தங்கூசி 1 மில்லிமீற்றர் அளவினதாக இருக்கட்டும். மெல்லியது நன்றாகத் தாழும், ஆனால் கையை அறுக்கும். புதிதாகத் தொழிலுக்கு வந்தவரின் கை அதற்குப் பழகியிராது. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி விரல்களுக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள். தங்கூசியைக் கையிலோ காற்பெருவிரலிலோ ஒருபோதும் சுற்றிக் கட்டவேண்டாம். பெரிய மீன் கொத்தினால் விரலோடு போகும். நைலோன் தங்கூசி வெயிலில் கிடந்தால் பலமிழக்கும். படகிலிருந்து எடுத்து நிழலில் வையுங்கள்.

தங்கூசியின் முடிவில் ஒரு சுழல் வளையம், அதிலே ஈயம், அதற்குப் பின்னால் 3 தொடக்கம் 5 பாகம் வெறும் தங்கூசி, கடைசியில் ஒரு முழக் கம்பி, பின்பு கொளுக்கி. கம்பி ஏனென்றால், அறுக்குளாவுக்குப் பெயரிலேயே அறுப்பு இருக்கிறது. வெறும் தங்கூசியைப் பல்லால் நறுக்கிவிட்டுப் போய்விடும். ஈயத்துக்கும் இரைக்கும் இடையில் தூரம் விடுவது, மீன் குண்டைக் கண்டு விலகாமல் இருப்பதற்கு. ஒரே பெரிய குண்டாகக் கட்டாமல், வலைக்குப் போடும் சிறு ஈயமணிகளைத் தங்கூசியில் இடைவெளி விட்டுக் கோப்பதும் நல்லது. தடியின் வளையங்களுக்குள்ளால் இந்த மணிகள் போகா. மரச்சில்லிலும் கையிலும் தடையின்றி வரும். படகில் கட்டும் முனையில் ரியூப் துண்டொன்றை இடையில் வைத்துக் கட்டினால், கொத்தும் அதிர்ச்சியை அது தாங்கும். சுழல் வளையத்தில் மிச்சம் பிடிக்க வேண்டாம். மலிந்த வளையம் சுழலாமல் தங்கூசி முழுவதும் முறுகிப்போனால் அன்றைய தொழில் முடிந்தது.

பாரத்திற்கு ஈயமே சிறந்தது. 1 கிலோ ஈயம் கடல்நீருக்குள் 900 கிராமுக்கு மேல் நிறுக்கும். சீமெந்துக் கட்டியோ பாதிக்குச் சற்று மேலேதான். ஈயம் கிடையாவிட்டால் இரும்புத் துண்டும் பரவாயில்லை. ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறோம்: பழைய பற்றரியை உடைத்து வீட்டில் ஈயம் உருக்க வேண்டாம். ஈயப் புகையும் தூளும் நஞ்சு. அது உடைகளிலும் முற்றத்து மண்ணிலும் படிந்து குழந்தைகளின் உடலிற் சேரும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணித் தாய்மாருக்கும் ஆகாது. தற்காலிகக் கொட்டில்களில் அடுப்பும் படுக்கையும் ஒரே இடத்தில் இருப்பதால் இந்த ஆபத்து இரட்டிப்பு. சமைக்கும் பாத்திரத்தில் உருக்குவதை நினைக்கவே வேண்டாம். வலைக்கடையில் வார்த்த ஈயம் வாங்குங்கள். அதையும் பிள்ளைகள் வாயில் வைக்க விடாதீர்கள்.

இனி எண்ணெய். 2022 ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியதைக் கடற்றொழிலாளர் எவரும் மறக்கவில்லை. இழுவைத் தூண்டிலுக்கு இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கென்றே தனியாகக் கடலுக்குப் போவது பெரும்பாலும் கட்டாது. வலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும், எப்படியும் எரியப்போகிற எண்ணெயில் இரண்டு தூண்டில் இழுப்பதே எமக்குத் தெரிந்தவரை நட்டமில்லாத வழி. போகும் வேகத்தை அந்த நேரத்திற்கு மட்டும் குறைக்க வேண்டும். செத்த மீனை இரையாகக் கோத்தால் 2 தொடக்கம் 4 கடல்மைல். பொய்யிரை என்றால் 5, 6 வரை போகலாம், ஆனால் ஆழம் குறையும். உண்மையில் படகுக்கு வேண்டிய தடி இரண்டு மூங்கில்கள்தான்: இருபக்கமும் நீட்டிக் கட்டி, பாரமில்லாத தூண்டில்களை அவற்றிலிருந்து தூரத்தில் விடுங்கள். பாரமானது படகின் பின்பக்கம் கிட்ட ஓடட்டும். சிக்காது. திரும்பும்போது அகலமாக வளைத்துத் திருப்புங்கள், ஏனெனில் வேகம் குறைந்தவுடன் ஈயம் இறங்கிப் பாரில் மாட்டும்.

மற்றவர் வலை மேல் இழுக்காதீர்கள். ஈயமும் கொளுக்கியும் வலையைக் கிழித்தால் அந்தக் குடும்பத்தின் பருவமே போய்விடும். வந்து குடியேறியவர் என்ற பேச்சும் அதோடு கிளம்பும். கரையில் உள்ள கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் முதலில் கேட்டு, யார் எங்கே வலை விடுகிறார்கள் என்று அறிந்துகொண்டு போவது மரியாதையும் பாதுகாப்பும். வாடைக் காற்றுக் காலத்தில் வடகரைக் கடல் புதியவருக்கானதன்று. கரையில் பிறந்தவர்களே அந்த நாட்களில் பார்த்துத்தான் இறங்குவார்கள்.

மீள்குடியேற்றத்துக்கென்று கிடைத்த பணத்தையோ நகையடகுப் பணத்தையோ இதில் முதலிற் போடவேண்டாம் என்பது எமது கருத்து. ஒரு பருவம் வேறொருவர் படகில் பங்குக்குப் போங்கள். ஒரு மரச்சில்லு, 60 பாகம் தங்கூசி, இரண்டு குண்டு, ஆறு கொளுக்கி என்பவற்றோடு தொடங்குங்கள். தங்கூசியில் 5 பாகத்திற்கு ஒருமுறை நிறநூல் கட்டி அடையாளமிடுங்கள். பிறகு, அடி மணலாகவும் ஆழம் தெரிந்ததாகவும் உள்ள ஓரிடத்தில், வழக்கமான வேகத்தில் ஓடிக்கொண்டே, கொளுக்கியில்லாமல் குண்டை மட்டும் கொஞ்சங் கொஞ்சமாக விட்டுப் பாருங்கள். குண்டு அடியில் முட்டும்போது கையில் தட்டுவது தெரியும். அந்த இடத்தில் எத்தனை நிறநூல் வெளியே போயிருக்கிறது என்று எண்ணி, ஆழத்தோடு சேர்த்துக் கொப்பியில் எழுதுங்கள். வேகத்தை மாற்றி மறுபடி எழுதுங்கள். குண்டை மாற்றி மறுபடி. இரண்டு மூன்று நாளில் உங்கள் படகுக்கும் உங்கள் தங்கூசிக்கும் உரிய அட்டவணை ஒன்று கையில் இருக்கும்.